தேனீ கொட்டிய நாயின் மூத்திரத்தைப் பாருங்க

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



கடன் வாங்கி ஆடு வளர்க்கிற நம்ம வீடுகள்ல ராத்திரி காவல் யாரு? நாய்தான். ஆட்டுக்கு ஒண்ணுன்னா டாக்டரைத் தேடி ஓடுற நாம, நாய்க்குன்னா "தானா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். தேனீ மொய்த்துக் கொட்டினால் அப்படி விடக் கூடாது.

ஒன்றிரண்டு கொட்டினால் மூஞ்சி வீங்கும், வடியும். மலைத்தேனீக் கூடு கலைந்து மொத்தமாகக் கொட்டினால் கதையே வேறு. நாயின் எடையில் கிலோவுக்குச் சுமார் 20 கொட்டு விழுந்தால் உயிருக்கு ஆபத்து என்று கணக்கிடுகிறார்கள். 15 கிலோ நாட்டு நாய்க்கு 300 கொட்டு. ஒவ்வாமை இருந்தால் ஒரு கொட்டே போதும்.

இந்த விஷம் இரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களை உடைக்கிறது. உடைந்த அணுக்களின் சாயம் சிறுநீரில் இறங்கும். மூத்திரம் சிவப்பாக, சில சமயம் கடுங்காப்பி நிறத்தில் போகும். சிறுநீரகமும் கெடும். சில நாய்களுக்கு, சில நாள் கழித்து, உடம்பின் எதிர்ப்பு சக்தியே சொந்த இரத்த அணுக்களை எதிரி என்று நினைத்து அழிக்க ஆரம்பிக்கும். வீக்கம் வடிந்து சோறும் தின்னுருச்சே, பிழைச்சிருச்சு என்று நாம் இருக்கும்போதுதான் நாய் சுருண்டு படுக்கும்.

அதனால ஒரு வாரமாவது கவனிங்க. சிமெண்ட் தரையில் பெய்தால் நிறம் தெரியும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. வெளுத்தாலும் மஞ்சளானாலும் ஆபத்து. ஈறு கறுப்பான நாய்க்குக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கலாம்.

கொட்டும்போது காப்பாற்றப் போகிறவர் தடித்த போர்வையைப் போர்த்திக்கொண்டு போகணும். நாயை இருட்டறையில் அடைத்து, கொடுக்குகளை நகத்தால் சீக்கிரம் சுரண்டி எடுங்க. சுண்ணாம்பு தடவுவதோடு நிறுத்தாதீங்க, உள்ளே உடையும் இரத்தத்தை அது தடுக்காது. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. அதுவே நாயின் இரத்த அணுக்களைக் கெடுக்கும்.

விஷமுறிவு ஊசி என்று கடையில் எதுவும் கிடையாது. டாக்டர் குளுக்கோஸ், உப்பு நீர் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பார். தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி போடுவார். ரொம்ப வெளுத்துவிட்டால் இன்னொரு நாயின் இரத்தத்தைக்கூட ஏற்றலாம். சிரிக்காதீங்க, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதற்கென்றே இரத்த வங்கி இருக்கிறது.

கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண். வண்டி வரத் தாமதமானால் ஆட்டோ பிடித்துப் போங்க. அந்தச் செலவுக்குக் குழுவில் அவசரக் கடன் கேட்டால், "நாய்க்கா கடன்?" என்று யாரும் கேட்க வேண்டாம்.