பழைய பிக்கப்புக்குப் புதிய டேங்க்

பழைய பிக்கப் வண்டிக்குப் புதிதாகச் செய்யப்படும் பெட்ரோல் டேங்கை அதன் பளபளப்பைக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் அண்மைக்காலத்தில் பரவியுள்ளது. லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், ஹெண்ணூர் சாலை எனத் தமிழ் பேசுவோர் மிகுந்த பெங்களூர்ப் பகுதிகளில் வேலை செய்யும் டிங்கர்கள், அதாவது தகட்டை வெட்டி மடித்துத் தட்டி உருவாக்கும் தொழிலாளர்கள், நல்ல டேங்க் எது என்று கேட்டால் வெளிப்புறத்தைக் காட்டமாட்டார்கள். மூடி பற்றவைக்கப்பட்ட பின் எவர் கண்ணுக்கும் படாத உட்புறத்தைப் பற்றியே பேசுவார்கள். அவர்கள் சொல்வதே சரி. உள்ளே தடுப்பு இல்லாத டேங்க் வெறும் டப்பாதான்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் 1954 வரை பம்பாய் சேவ்ரியில் வண்டிகளைப் பூட்டி விற்றது; பழைய வண்டி ஆர்வலர் பெரிதும் விரும்பும் செவ்ரோலெட் பிக்கப்பில் 1949 முதல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே நின்றது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் இருப்பதை விரும்பாதவர்கள், அதைப் பின்புறச் சரக்குத் தளத்தின் அடியில், சேஸிஸின் இரு நீளச் சட்டங்களுக்கு நடுவே மாற்றிவைக்க முற்படும்போதுதான் அளவெடுத்துப் புது டேங்க் செய்யும் தேவை எழுகிறது. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரிலேயே அறிமுகமானது இத்தேவையை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்வது. ஈரம் மிகும்போது தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கி, அங்கே இரும்பை அரிப்பது. பழைய டேங்க் தகட்டின் ஈய, வெள்ளீயப் பூச்சு இதை நெடுநாள் தாங்காது. மலிவாகக் கிடைக்கும் ஜிஐ தகட்டின் துத்தநாகப் பூச்சும் எத்தனாலுக்கோ டீசலுக்கோ ஏற்றதன்று. ஆகவே 304 வகை எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) தகட்டை, 18 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் தடிப்பில் எடுத்து ஆர்கான் வெல்டிங் செய்வது நல்ல தேர்வே. எஸ்எஸ் தகட்டின் மதிப்பு அரிப்பைத் தாங்குவதில் இருக்கிறது, மினுக்கத்தில் இல்லை.

இனித் தடுப்பு. பட்டறையில் பேஃபிள் எனப்படும் இது, டேங்கின் உள்ளே குறுக்காக நிறுத்தப்படும் தகடு. வண்டியின் நீளவாக்கில் 75, அகலத்தில் 40, உயரத்தில் 20 சென்டிமீட்டர் கொண்ட டேங்கில் 60 லிட்டர் கொள்ளும். அந்தப் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 44 கிலோ. பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும், நகரின் ஒவ்வொரு வேகத்தடையிலும், இந்த 44 கிலோவும் அலையாகத் திரண்டு முன்சுவரில் மோதித் திரும்பிப் பின்சுவரில் மோதுகிறது. வெல்டிங் விளிம்புகள் விரிசல் காண்பதற்கு இதுவே பெருங்காரணம். இரண்டு தடுப்புகளை நிறுத்தி டேங்கை 25 சென்டிமீட்டர் நீளமுள்ள மூன்று அறைகளாகப் பிரித்தால், ஓடி வேகமெடுக்க இடமில்லாத பெட்ரோல் அங்கங்கே அடங்கிவிடுகிறது.

தடுப்பு அடைப்பாக இருக்கக்கூடாது என்பதில்தான் கைத்திறன் தொடங்குகிறது. கீழ் மூலைகள் இரண்டையும் சாய்வாக வெட்டிவிட்டால் பெட்ரோல் அறைக்கு அறை மெல்லக் கடக்கும். மேல் விளிம்பில் இடைவெளி விட்டால் காற்று கடக்கும். நடுவே ஒரு வட்டத் துளையிட்டு அதன் விளிம்பை ஒருபுறமாகத் தட்டி மடித்தால், துளையிட்ட தகடே துளையிடாத தகட்டைவிட விறைப்பாகிவிடும். இந்த விளிம்பு மடிப்பை மரச்சுத்தியலால் ஒரே சீராகக் கொண்டுவரும் டிங்கரின் கை, எந்த மெருகேற்றும் எந்திரத்தைவிடவும் போற்றத்தக்கது. தடுப்பின் ஓரங்களைச் சுற்றிலும் தொடர்ச்சியாக வெல்டிங் செய்வது உறுதி தரும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் சுவர் அதிரும்போது அந்தக் கோட்டின் ஓரத்திலேயே தகடு களைத்துப் பிளக்கும். இவ்வுரையை வழங்குபவர் வெட்டித் திறந்து பார்த்த ஒரு டேங்கில், விரிசல் அத்தகைய கோட்டை ஒட்டியே ஓடியிருந்தது. சுவரில் சிறு துளைகளிட்டு, வெளியிலிருந்து புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பதே முறை. இறுதியில் ஏறும் மூடியையும் தடுப்போடு பிணைக்க வேறு வழியும் இல்லை.

உறிஞ்சு குழாய் நடு அறையில் இறங்க வேண்டும். லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் நெரிசலில் ஊர்ந்து ஏறும் வண்டியில் பெட்ரோல் பின்னுக்குச் சாய்ந்தாலும், டேங்கின் நடுவில் அதன் மட்டம் பெரிதாக மாறுவதில்லை. கால் டேங்க் பெட்ரோலில் எஞ்சின் நின்றுபோகாதிருப்பது இதனால்தான். குழாய் முனை அடித்தகட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து நின்றால் அழுக்கு ஏறாது, ஆனால் மூன்று லிட்டர் பெட்ரோல் எட்டாமல் தங்கும். நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழியைத் தட்டி இறக்கி, அதிலேயே வடிகால் திருகும் வைப்பது இரண்டுக்கும் தீர்வு.

பழைய டேங்கை அளவுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், அதில் நெருப்பு வைக்கலாகாது: காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே தீப்பற்றும் என்பதால், காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. புது டேங்கைச் சோதிக்கக் கம்பிரசர் காற்றை அப்படியே விடுவதும் தவறு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோ என்ற சிறு அழுத்தமே 75க்கு 40 சென்டிமீட்டர் உள்ள மேல்தகட்டின் மீது 600 கிலோ விசையாகி அதை உப்பவைத்துவிடும். வளைந்த கண்ணாடிக் குழாயில் இருபுற நீர்மட்டங்களும் அரை மீட்டர் வேறுபடும் அளவுக்குக் காற்று விட்டுச் சோப்பு நீர் தடவினால் போதும். நிரப்புக் குழாய் வரை பெட்ரோல் நிற்கும்போது அடித்தகடு தாங்க வேண்டிய அழுத்தம் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த அழுத்தத்திலும் மேல்தகடு உப்பாமல் பிடித்துக்கொள்வது அதே தடுப்புத் தகடு.

ஐம்பது ஆண்டு கடந்த சொந்த வண்டிகளுக்கான 2021ஆம் ஆண்டு விண்டேஜ் பதிவு விதிகள் சேஸிஸிலும் கூண்டிலும் பெரிய மாற்றங்களை ஏற்பதில்லை. ஆகவே புது டேங்க், ரப்பர் பட்டை கொடுத்த இரும்புப் பட்டைகளில், சேஸிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளிலிருந்தே தொங்கவேண்டும். அத்துளைகளை அளந்த பிறகே முதல் தகட்டில் கோடு கீற வேண்டும்.