வென்ற வாதமும் செல்லாத மன்றம்



அருகிலுள்ள பரமற்றா நீதிமன்றங்களில், வசதியற்றவருக்காக அரச செலவில் சட்டத்தரணி வாதாடுவார். வாக்குமூலம் அடித்துப் பெறப்பட்டது என்று அவர் எதிர்த்தால், அப்படியில்லை எனக் காட்ட வேண்டியது அரச தரப்பே. நியூ சவுத் வேல்சின் 1995ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் அவருக்குத் தந்த பிடி அது.

அதே 1995இல் இலங்கையின் மேல் நீதிமன்றம் நல்லரட்ணம் சிங்கராசாவுக்கு 50 ஆண்டுச் சிறை விதித்தது. ஆதாரம் ஒன்றே ஒன்று: அவர் அறியாத சிங்களத்தில் தட்டச்சாகி, பெருவிரல் அடையாளம் பதிக்கப்பட்ட வாக்குமூலம். மொழிபெயர்த்தவரும் பொலிஸ்காரரே! முதுகில் தழும்பு, இடக்கண்ணில் பார்வைக் குறைவு என்று மருத்துவ அறிக்கை கூறியது. போதவில்லை. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, வதையை நிரூபிக்க வேண்டியவர் வதைபட்டவரே. குறுக்கு விசாரணையில் எவ்வளவு திறமை இருந்தென்ன?

மேன்முறையீட்டில் தண்டனை 35 ஆண்டாகக் குறைந்தது. 2000 சனவரியில் உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. இத்தகைய கைதிகளுக்காக வாதாடிவந்த குமார் பொன்னம்பலம் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே மாதம்தான்.

சட்டத்தரணிகள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குச் சென்றனர். 2004இல் வென்றனர். விடுதலை அல்லது மறுவிசாரணை வேண்டும் என்றது குழு. தோல்வி வழக்காடுவோருக்குப் புதிதல்ல; அடுத்து நடந்ததுதான் நெஞ்சை முறிப்பது. 1997இல் சனாதிபதி அந்த முறையீட்டு நெறிமுறையில் இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 35 ஆண்டுத் தண்டனை நின்றது. மேற்கொண்டு ஏறுவதற்கு மன்றம் இருக்கவில்லை.