பிள்ளைகள் செய்யும் பூ யார் கைக்குப் போகணும்?

(கொடிநாளை ஒட்டி, கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், தவணை பாக்கி எல்லாம் பேசி முடிச்சாச்சு. இனி கொஞ்ச நேரம் நம்ம பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம்.

டிசம்பர் 7-ந் தேதி கொடிநாள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை ஒரு சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கிட்டு வந்து, "அம்மா, இதுக்குக் காசு குடு"ன்னு கேட்கும். நாமும் கொடுத்து அனுப்புவோம். அந்தக் காசு யாருக்குப் போகுதுன்னு நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

1949-ஆம் ஆண்டு முதல் இந்த நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. கொடியில் இருக்கும் சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. சேருகிற பணம் போரில் இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கும், கை கால் இழந்த வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் உதவியாகப் போகிறது.

சில பள்ளிகளில் பிள்ளைகளே காகிதப்பூ, வாழ்த்து அட்டை, மண் பொம்மைன்னு தங்கள் கையால் செய்து, உயிர் விட்ட வீரர்களின் படத்துக்கு முன்னால் வைக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அது பள்ளிக்கூடத்தோடு முடிஞ்சுடக் கூடாது. நம் குழுக்களுக்கும் அதில் ஒரு வேலை இருக்கு. ஏன்னு புரிய, வெளிநாட்டில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்றோம்.

கசகசாவுக்குப் பங்காளிப் பூ

1914 முதல் 1918 வரை முதல் உலகப்போர் நடந்தது. பிரான்சு, பெல்ஜியம் நாடுகளின் வயல்காடுகளில் குண்டு விழுந்து மண்ணே புரண்டு போச்சு. அதுவரை மண்ணுக்குள் தூங்கிக் கிடந்த விதைகள் மேலே வந்து முளைச்சு, சிவப்புச் சிவப்பாகப் பூத்தன. அந்தப் பூவுக்குப் பேர் பாப்பி. நாம் குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அதுக்குப் பங்காளிச் செடி. வீரர்களைப் புதைத்த இடங்களிலும் அது பூத்தது. 1915-ல் ஜான் மெக்ரே என்ற கனடா நாட்டு ராணுவ மருத்துவர் இதைப் பார்த்துக் கவிதை எழுதினார். 1918-ல் மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை இந்தப் பூவை வீரர்கள் நினைவாக அணியத் தொடங்கினார்.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த அன்னா கெரின் அம்மையார் இன்னொரு படி மேலே போய் யோசித்தார். போரில் ஊர்கள் அழிந்து கிடந்தன. எத்தனையோ பெண்கள் புருஷனை இழந்தார்கள், பிள்ளைகள் அப்பாவை இழந்தார்கள். அவங்களே துணியில் இந்தப் பூவைச் செய்யட்டும், அதில் அவங்களுக்கு வருமானம் கிடைக்கட்டும் என்றார். அப்படிப் பிரான்சில் செய்த பூக்கள்தான் 1921 நவம்பர் 11-ல் பிரிட்டனின் முதல் பாப்பி நாளில் விற்பனைக்கு வந்தன. அந்த ஆண்டே 1 லட்சத்து 6 ஆயிரம் பவுண்டு சேர்ந்தது. அந்தப் பணம் போரிலிருந்து திரும்பி வேலையும் வீடும் இல்லாமல் தவித்த வீரர்களுக்குப் போச்சு. மறு ஆண்டு, 1922-ல், ஊனமடைந்த 5 வீரர்களை வைத்து லண்டனிலேயே பூ செய்யும் தொழிற்கூடம் ஆரம்பமானது.

சகோதரிகளே, இதைக் கவனியுங்கள். அந்தப் பூவை வெறும் அலங்காரத்துக்காகச் செய்யவில்லை. அதுக்குள்ளே ஒரு குடும்பத்தின் கூலி இருந்தது. சின்னச் சின்னக் காசு சேர்ந்து பெரிய தொகையானது. இது நமக்குப் புதுசா? நம் குழுவும் அப்படித்தானே வளர்ந்தது!

இன்றைக்கும் நவம்பர் மாதம் வந்தால் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் காகிதத்திலும், தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பாட்டில் அடிப்பாகத்திலும் சிவப்புப் பூ செய்கிறார்கள்.

ஒரு பொம்மை, இரண்டு பெயர்

இரண்டாவது விஷயம் பெல்ஜியத்தில் நடந்தது. முதல் உலகப்போரில் அந்த நாட்டு மண்ணில் மட்டும் 6 லட்சம் பேர் இறந்தார்கள். நூறு ஆண்டு நினைவாக 2014 முதல் 2018 வரை, பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து, குனிந்து உட்கார்ந்த மனுஷன் மாதிரி 6 லட்சம் களிமண் பொம்மைகள் செய்தார்கள். 2018-ல் ஈப்பர் நகரத்துக்குப் பக்கத்தில், சண்டை நடந்த நிலத்திலேயே அவற்றைப் பரப்பி வைத்தார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு தகடு. அதில் இறந்த ஒருவர் பெயரும் இருந்தது, பொம்மை செய்தவர் பெயரும் இருந்தது.

6 லட்சம்னு வாயால் சொன்னால் பிள்ளைக்குப் புரியாது. ஒரு பொம்மையைப் பிசைந்து, அதுக்குரிய ஒரு பெயரைப் படிச்சால் புரியும். இவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானேன்னு தோணும்.

அந்தப் போருக்கு நம் நாட்டிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். 70 ஆயிரத்துக்கும் மேல் திரும்பி வரவில்லை. சென்னை ராஜதானியிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. பிரான்சில் நவ் சாப்பல் என்ற ஊரில் உள்ள நினைவுச் சின்னத்தில் 4,700-க்கும் அதிகமான இந்திய வீரர்களின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

பெயரைப் பொறிப்பது நம் தமிழ் மண்ணிலும் பழைய வழக்கம்தான். செங்கம், தருமபுரி பக்கம் நடுகற்கள் நிறைய உண்டு. ஆநிரையை மீட்கப் போய் இறந்தவர் யார், எந்த ஊர் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். வேடியப்பன் என்று இன்றைக்கும் அவற்றைக் கும்பிடுகிறார்கள்.

படத்துக்குப் பூ, அவளுக்கு?

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1999 கார்கில் போரில் 527 வீரர்கள் இறந்தார்கள். அதுக்குப் பிறகும் எல்லையில் சாவு நிற்கவில்லை. வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போன ஊர்கள் இருக்கு. ஒரு வீரர் இறந்தால் ஊரே திரளுது. மாலை விழுது, துப்பாக்கி முழங்குது. பிள்ளைகள் பூ வைக்கிறார்கள்.

ஆனால் அவர் மனைவிக்கு? பதினாறாம் நாளோடு பூவும் பொட்டும் போயிடுது. மங்கல காரியத்தில் முன்னால் வரக் கூடாதுன்னு ஒதுக்குறோம். எதிரே வந்தால் சகுனம் பார்க்கிறோம். நாட்டுக்காகச் செத்தவர் படத்துக்கு வருஷா வருஷம் பூ வைப்போம், அவரோடு வாழ்ந்தவள் தலையில் மட்டும் பூ வைக்க விடமாட்டோம் என்றால் அது என்ன மரியாதை? பிள்ளைகள் இதையும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நாம் வாயால் சொல்வதைவிட, செய்வதைப் பார்த்துத்தான் அவங்க கத்துக்குவாங்க.

அதனால் கொடிநாளுக்கு ஒவ்வொரு குழுவும் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்றோம்.

1. தையல் கடையில் மிச்சமாகும் வெட்டுத்துணியை வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மூன்று நிறத்தில் கொடியோ பூவோ அவர்களே செய்யட்டும். கோணல் மாணலாக வந்தாலும் பரவாயில்லை. நாம் உட்கார்ந்து செய்து கொடுக்கக் கூடாது.

2. ஒவ்வொரு பூவிலும் ஒரு வீரர் பெயர் எழுதச் சொல்லுங்கள். முதலில் நம் ஊர், பக்கத்து ஊர் வீரர். அவர் சாப்பாட்டில் எதை விரும்புவார், எந்த ஆட்டம் ஆடுவார் என்று பிள்ளைகளே வீட்டாரிடம் கேட்டு எழுதட்டும்.

3. அப்பாவை இழந்த பிள்ளை அதே வகுப்பில் இருக்கலாம். அந்தப் பிள்ளையிடமும் அம்மாவிடமும் முதலில் சம்மதம் கேளுங்கள். மேடையில் ஏற்றி அழ வைக்காதீர்கள். வேண்டாம்னு சொன்னால் விட்டுடுங்கள்.

4. செய்த பூவைப் படத்துக்கு வைத்ததோடு நிறுத்தாமல், வீரரின் மனைவி கையிலும் தாய் கையிலும் பிள்ளைகள் கொடுக்கட்டும். நம் குழு விழாவில் குத்துவிளக்கு ஏற்ற அந்தச் சகோதரியைக் கூப்பிடுங்கள்.

5. குடும்ப ஓய்வூதியம் ஒழுங்காக வருதா, பிள்ளைகளின் படிப்பு உதவிக்கு எழுதிப் போட்டாச்சா என்று விசாரியுங்கள். மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு. தனியாக அலைய விடாமல் குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போங்கள். வங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் போய் வந்த அனுபவம் நமக்கு இருக்கே!

இன்னும் ஒன்று. "ஏம்மா சண்டை போடுறாங்க? அவர் ஏன் சாகணும்?"னு பிள்ளை கேட்டால் வாயை அடைக்காதீர்கள். சண்டை நல்லதுன்னும் சொல்லாதீர்கள். "நம்மைக் காக்கப் போனார், திரும்பி வரலை. அவர் வீட்டை நாமதான் பார்த்துக்கணும்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் ஊரில் அப்படிப்பட்ட குடும்பம் எத்தனை, குழுவில் சேர்ந்திருக்கிறார்களா என்று தீர்மான நோட்டில் எழுதிக்கிட்டு வாங்க. சேராதவர்கள் வீட்டுக்குப் பிள்ளைகள் பூவோடு போகட்டும், பின்னாடியே நாம் உறுப்பினர் படிவத்தோடு போவோம்.