குரல் பொட்டலமாகப் போகிறது



நாம் எல்லோரும் தொலைபேசியில் பேசுகிறோம். நம் பேச்சு எப்படிப் போகிறது? அந்த வழி இப்போது மாறிவிட்டது. இது தெரிந்தால் ஆபத்து வேளையில் உதவும்.

நம் நாட்டில் 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே எஸ்.டி.டி. வந்தது. நாமே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசலாம். பேசும் இருவருக்கும் ஒரு தனி வழியை ஒதுக்கினார்கள். கல்யாணத்துக்கு முழு பஸ்ஸை வாடகைக்கு அமர்த்துவது போல. பாதி இருக்கை காலி என்றாலும் வெளியாள் ஏற முடியாது. பேசாமல் சும்மா இருந்தாலும் காசு ஓடும். எஸ்.டி.டி. கடையில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசியவர்களைக் கேளுங்கள்!

இப்போது உறவினர்கள் தனித்தனியாக, வந்த பஸ்ஸில் ஏறிப் போகிறார்கள். அதாவது, குரலை எண்களாக மாற்றி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுகிறார்கள். ஒரு வினாடிப் பேச்சு சுமார் 50 பொட்டலம். ஒவ்வொன்றிலும் முகவரி உண்டு, வரிசை எண் உண்டு. போய்ச் சேர்ந்த இடத்தில் அவற்றை வரிசையாக அடுக்கி, மறுபடி குரலாக்குகிறார்கள். ரொம்பப் பிந்தி வந்த பொட்டலத்தை விட்டுவிடுவார்கள். குரல் விட்டு விட்டுக் கேட்பது அதனால்தான். நாம் "ஹலோ, ஹலோ" என்று கத்துகிறோம். கத்தினால் பொட்டலம் சீக்கிரம் வருமா?

படம், பாட்டு, பேச்சு எல்லாம் ஒரே பாதையில் போகின்றன. அதனால் கம்பெனிக்குச் செலவு குறைவு. 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, பேச்சு முழுவதையும் இந்த வழியிலேயே அனுப்பியது. பேச்சுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்றது. நல்லதுதான். ஆனால் பழைய 2ஜி போனில் அதன் சிம் வேலை செய்யாது. போனையே மாற்ற வேண்டும்.

வீட்டுத் தொலைபேசியில் இன்னொரு சங்கதி. பழைய செம்புக் கம்பியில் பேச்சோடு மின்சாரமும் வந்தது. தொலைபேசி நிலையத்து பேட்டரி அதைத் தந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் போன் பேசியது. இப்போது வருவது கண்ணாடி இழை. அதில் ஒளி வரும், மின்சாரம் வராது. வீட்டில் வைக்கும் பெட்டிக்கு நாம்தான் மின்சாரம் தர வேண்டும்.

புயல் இரவு. கரண்ட் இல்லை. வீட்டில் மருமகளுக்குப் பிரசவ வலி. 112க்குப் பேச வேண்டும். பெட்டி செத்துக் கிடந்தால் என்ன செய்வது?

ஆகவே இணைப்பு வாங்கும்போதே கேளுங்கள்: "கரண்ட் போனால் இது எத்தனை மணி நேரம் பேசும்?" பெட்டிக்கு ஒரு சிறு பேட்டரி வாங்கி வையுங்கள். மழைக்காலத்தில் செல்போனைப் பகலிலேயே சார்ஜ் செய்து வையுங்கள்.