இணையமும் இரவு உறக்கமும்: நம் மாணவர்கள் இழந்ததை மீட்போம்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

கல்லூரி மாணவர்களின் உறக்கத்தைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் பிள்ளைகள் தாமாக உறங்கிவிடுவார்கள், இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். கொரோனாக் காலத்தில் இந்தப் பழக்கம் எவ்வாறு வேரூன்றியது என்பதை நினைவுகூர்ந்தால், பிடுங்கி வைப்பது மட்டுமே மருந்தாகாது என்பது விளங்கும்.

பகல் பறிபோன காலம்

2020 மார்ச் 17 முதல் தமிழகத்தில் கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. மே, ஜூன் மாதங்களில் சென்னை மாநகராட்சியின் மண்டலங்களுள் இராயபுரம் நோய்த்தொற்றில் முன்வரிசையில் நின்றது. தெருக்கள் தகரங்களால் அடைக்கப்பட்டன. பள்ளிவாசல்களில் கூட்டுத் தொழுகை நின்று, அவ்வாண்டு ரமலானில் தராவீஹையும் வீட்டிலேயே தொழுதோம்.

இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நம்மவர் பலரின் வீடு என்பது ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும்தான். அதற்குள் ஐந்தாறு பேர் பகல் முழுவதும் அடைந்திருந்தோம். ஒரே கைப்பேசியில் தம்பிக்கும் தங்கைக்கும் பாடம் நடந்தது. பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலையும் சேர்ந்துகொண்டது. வீட்டார் அனைவரும் உறங்கிய பிறகே கல்லூரி மாணவருக்குக் கைப்பேசியும் அமைதியும் ஒருங்கே கிடைத்தன. பாடக் குறிப்பைப் பார்க்க விழித்திருந்தவர், படம், விளையாட்டு, நண்பர்களுடன் அரட்டை என்று நள்ளிரவைக் கடந்தார். நாள்தோறும் அளந்து தரப்படும் டேட்டா நள்ளிரவில் மீண்டும் நிரம்புவதும் அதற்கு வாய்ப்பாயிற்று.

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவை இலவசமாகப் பெறும் திட்டத்தைத் தமிழக அரசு 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு அறிவித்தது. வசதியற்ற மாணவருக்கு அது தேவையான உதவியே. ஆனால் அந்தத் திரையை எப்போது மூடிவைப்பது என்பதைச் சொல்லித் தரும் பொறுப்பு நம்முடையது. அதை நாம் போதிய அளவு செய்யவில்லை.

ஆய்வும் அனுபவமும்

உறக்கத்தின் தரத்தை அளக்க 1989இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட வினாப்பட்டியலையும், இணைய அடிமைத்தனத்தை அறிய கிம்பர்லி யங் என்னும் உளவியலாளர் வகுத்த 20 வினாக்களையும் கொண்டு, நோய்த்தொற்றுக் காலத்தில் பல நாடுகளில் மாணவரிடையே ஆய்வுகள் நடந்தன. இத்தாலியின் மிலான் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் 2020 ஊரடங்கின்போது நடந்த ஆய்வில், மாணவர்கள் தாமதமாகப் படுத்துத் தாமதமாக எழுந்ததும், அவர்களுடைய உறக்கத்தின் தரம் குறைந்ததும் தெரியவந்தது. நேரம் இருந்தும் நிறைவான உறக்கம் இல்லை. இணையத்தால் உறக்கம் கெட்டதா, கவலையால் உறக்கம் கெட்டு இணையத்தை நாடினார்களா என்பதை இத்தகைய ஆய்வுகளால் முற்றாகப் பிரித்துரைக்க இயலாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று கொள்வதே பொருந்தும்.

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இயங்குகிறது. அது இயங்கும் முறையைக் கண்டறிந்த மூன்று அறிஞர்களுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. காலை வெளிச்சம் அக்கடிகாரத்தை நேர்ப்படுத்துகிறது. இரவில் கண்ணருகே ஒளிரும் திரையோ, உறக்கத்திற்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் சுரப்பைத் தாமதப்படுத்துகிறது. துறைமுகத்திலும் மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் நைட் ஷிப்ட் பார்த்த பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பகலில் எட்டு மணி நேரம் படுத்தாலும் இரவு உறக்கத்திற்கு அது ஈடாகாது என்பதை அவர்களுடைய உடலே அறியும். நம் மாணவர்களும் அவ்வாறே நைட் ஷிப்ட் பார்த்தார்கள், கூலியில்லாமல்!

2021 செப்டம்பர் 1 அன்று கல்லூரிகள் மீண்டும் திறந்தன. காலைப் பேருந்தின் நேரம் மாறவில்லை. படுக்கும் நேரம் மட்டும் நள்ளிரவுக்குப் பின் என்றே பலருக்கு நிலைத்துவிட்டது. இளைஞருக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேர உறக்கம் வேண்டும். பகலில் கற்றதை மூளை நினைவில் பதிப்பதும் உறக்கத்தில்தான். எனவே இரவெல்லாம் விழித்துப் படிப்பவர், படித்ததையே இழக்கிறார். ஃபஜ்ருத் தொழுகையின் வரிசையில் இளைஞர்கள் குறைந்திருப்பதைக் கண்டு வருந்துகிறோம். அவர்கள் எத்தனை மணிக்கு உறங்கினார்கள் என்று கேட்டோமா?

நாம் செய்ய வேண்டியவை

1. எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள். விடுமுறை நாளிலும் அதே நேரத்தில் எழுந்து, காலை வெயிலில் சிறிது நடந்தால், படுக்கும் நேரம் நாளடைவில் தானே சீராகும்.

2. இரவில் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் படுக்கைக்கு எட்டாத ஓரிடத்தில் சார்ஜில் இருக்கட்டும். தந்தையின் கைப்பேசியும் அங்கேயே இருக்கட்டும். தாம் பார்த்துக்கொண்டே பிள்ளையைத் தடுப்பவரின் சொல் எடுபடாது. இஷாவுக்குப் பின் வீண்பேச்சைத் தவிர்க்குமாறு நபிகளார் (ஸல்) காட்டிய வழிமுறையை நாம் அனைவரும் அறிவோம்.

3. மாலைக்குப் பின் தேநீரைக் குறையுங்கள். அதன் விளைவு பல மணி நேரம் உடலில் தங்கும்.

4. இது ஜமாஅத்திற்கு என் வேண்டுகோள். இரவைத் தவிர வேறு அமைதியான நேரம் மாணவருக்கு வீட்டில் இல்லையெனில், அந்த நேரத்தை நாமே பகலில் தரவேண்டும். மதரஸா கூடத்தை அஸர் முதல் இஷா வரை படிப்பகமாகத் திறந்து வையுங்கள். நான்கு மேசைகளும் மின்விசிறியும் இணைய இணைப்பும் போதும். மாணவியர்க்கெனத் தனி நேரமோ தனி இடமோ ஒதுக்குங்கள்.

5. கட்டுப்படுத்த இயலாத நிலையை எட்டியவரைத் திட்டாதீர்கள், உதவி நாடுங்கள். அளவுமீறிய இணையப் பயன்பாட்டிற்கெனப் பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014இலேயே தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். நம் பகுதியிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. மனநல மருத்துவரைப் பார்ப்பது இழுக்கன்று.

சகோதரர்களே! நோய்த்தொற்று நம் பிள்ளைகளின் பகலைப் பறித்தது; அவர்கள் இரவில் ஒதுங்கினார்கள். பகலைத் திருப்பிக் கொடுத்தால் இரவை அவர்கள் உறக்கத்திற்கு விட்டுவிடுவார்கள். வரும் ஆண்டறிக்கையில் படிப்பகத்தின் வரவு செலவும் ஒரு பக்கமாக இடம்பெற வேண்டும் என்று நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். நம் இளைஞர்களுக்கு நல்லுறக்கத்தையும் தெளிந்த விடியலையும் பயனுள்ள கல்வியையும் வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.