உள்ள நலம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உள்ள நலத்தைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். தமிழாசிரியர்க்கு இப்பொருளில் என்ன உரிமை என்று சிலர் நினைத்தல் கூடும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே வகுத்து, உள்ளத்துணர்ச்சி உடம்பின்கண் புலனாகுமாற்றை எட்டாகப் பகுத்தோதியுள்ளார். ஆகலின் உரிமை உண்டு.

அவ்வெட்டனுள் அழுகைக்கு அவர் கூறிய நிலைக்களன் நான்கு. உற்றாரையும் உடைமையையும் இழத்தல் ஒன்று, வறுமை ஒன்று, முன்னிருந்த நன்னிலை கெட்டுத் தாழ்தலாகிய அசைவு ஒன்று, பிறரால் இகழப்படுதலாகிய இளிவு ஒன்று. முதலிரண்டும் நேர்ந்த இல்லத்திற்கு நாம் விரைந்து செல்கின்றோம். இழவு வீட்டிற்குக் கருமாதி வரை சென்று வருகின்றோம். வறியோர்க்குச் சங்க நிதியினின்று உதவுகின்றோம். பின்னிரண்டும் நேர்ந்த இல்லத்திற்கோ செல்வார் இலர். தேர்வில் தவறிய பிள்ளையும், வேலை போன தந்தையும், மணமுறிந்து பிறந்தகம் புகுந்த பெண்ணும் கதவடைத்து உள்ளிருக்கின்றனர். ஊரார் என் சொல்வரோ என்னும் அச்சமே அக்கதவிற்குத் தாழ். அவ்வூரார் யாவர்? நாமே அல்லமோ?

இருபதாண்டுக்கு மேலாக மாணவரோடு பழகுகின்ற யாம் ஒன்று கூறுவோம். கலகலப்பாயிருந்த பிள்ளை உணவில் விருப்பமின்றி, உறக்கங்கெட்டு, விளையாட்டையும் வெறுத்து இரண்டு வாரத்திற்கு மேல் இருப்பின், அதனைச் சோம்பல் என்று வைதல் தகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்க. நீரிழிவுக்கு மருந்துண்பதைப் பந்தியிலேயே பலரறியச் சொல்லும் நாம், மனநோய்க்கு மருந்துண்பதை மட்டும், பெண் கொடுப்பார் இலராவர் என மறைக்கின்றோம். மறைத்து முடித்த மணத்தால் இரு குடும்பங்கள் துன்புறும் என்பதை எண்ணுவார் சிலரே.

மருத்துவரை உடனே காண இயலாதார் 14416 என்னும் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்னும் சேவை அது. இரவும் பகலும் இலவசம்; தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைப் பற்றியும் ஒரு சொல். அவரைக் கடும் மனவழுத்தத்திற்கு ஆளானவராகவே கொள்ளவேண்டும் என்றும், அவர்க்குப் பராமரிப்பும் சிகிச்சையும் அளித்தல் அரசின் கடமை என்றும் 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதிக்கின்றது. சட்டம் காட்டும் இரக்கத்தை உறவினர் காட்டலாகாதா?

ஆண்டுதோறும் மிக்க மதிப்பெண் பெற்றார்க்கு மேடையில் பரிசளிக்கின்றோம். நன்றே, அதனை யாம் குறை கூறவில்லை. எனினும் இவ்வாண்டு தேர்வு முடிவு வெளிவந்த அன்றே, தவறிய பிள்ளைகளின் முகவரியைச் செயலாளர் தனித்தாளில் எழுதி எம்மிடம் தருவாராக. அத்தாளைப் பிறர் காண வேண்டா. யாமும் மூத்தார் இருவரும் அன்று மாலையே சென்று, துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அவ்வீட்டில் ஒருவேளை உண்டு வருவோம்.