கிணற்றுப் பங்கும் கொடைப் பங்கும்

(யாழ்ப்பாணக் குடாநாட்டில் உத்தியோகத்தரும் கமக்காரரும் ஒருங்கே கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வறுமையை ஒழிப்பதற்கென உலகெங்கும் பணிபுரியும் தரும ஸ்தாபனங்களோடு நாம் சேர்ந்து உழைக்கலாமா, சேர்வதாயின் எம்முறையிற் சேர்வது என்பதே இன்று எம்முன் வைக்கப்பட்டிருக்கும் வினா. இதற்கு எமது ஊர்களில் இரண்டு விடைகள் வழங்குகின்றன. "வெளிநாட்டுக் காசு வருகிறது, வந்தமட்டில் வாங்கிக்கொள்வோம்" என்பார் ஒருசாரார். "வருபவர்கள் எல்லோரும் தம் அலுவலுக்காகவே வருகிறார்கள், எட்டி நிற்பதே மேல்" என்பார் மறுசாரார். இரு சாராரும் கடைசியில் ஓரிடத்திலேயே வந்து நிற்கின்றனர். வாங்குபவனுக்கும் வாயில்லை, எட்டி நிற்பவனுக்கும் வாயில்லை. எமது கருத்து இதுதான்: சேர வேண்டும், ஆனால் பங்காளிகளாகச் சேர வேண்டும். பங்கு என்றால் என்ன பொருள் என்பதை எடுத்துரைக்கவே இன்று எழுந்து நிற்கின்றோம்.

ஒக்ஸ்பாம் என்று உலகமறிந்த ஸ்தாபனம் பிறந்த கதையை முதலில் நோக்குவோம். 1942ஆம் ஆண்டு, இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, பகைவர் பிடியிற் கிடந்த கிரேக்க நாட்டில் மக்கள் பட்டினியால் மாண்டுகொண்டிருந்தனர். எதிரியின் கைக்கு உணவு போய்ச் சேரலாகாதென்று பிரித்தானியாவும் அதன் நேச நாடுகளும் கடல்வழியை அடைத்திருந்தன. படைகளை வாட்ட இட்ட தடை குழந்தைகளை வாட்டியது. அவ்வாண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி, ஒக்ஸ்போட் நகரத்துப் புனித மரியாள் தேவாலயத்தில் ஒரு சிறு குழு கூடியது. அத்தேவாலயத்தின் குருவான மில்போட், கிரேக்க மொழிப் பேரறிஞர் கில்பேட் மரே, வைத்தியர் கில்லற், வணிகரான செசில் ஜக்சன்-கோல் ஆகியோர் அம்முயற்சியின் முன்னோடிகள்.

அவர்கள் அரசரும் அல்லர், கோடீசுவரரும் அல்லர். இச்சபையில் வீற்றிருப்போரைப் போலத் தொழில் செய்து வாழ்ந்த பிரசைகள். அவர்கள் காசு சேர்த்தார்கள், உடுப்புச் சேர்த்தார்கள், அதனோடு அமையாது, உணவுக்கு வழிவிடுமாறு தம் சொந்த அரசாங்கத்தையே வற்புறுத்தினார்கள். யுத்தம் நடக்கும்போது எதிரியின் பிடியிலுள்ள மக்களுக்காகத் தம் அரசாங்கத்தோடு வாதாடுவது சிறு காரியமன்று! 1948ஆம் ஆண்டளவில் அதே நகரத்தின் புறோட் வீதியில், பிறர் கொடுத்த பழைய பொருள்களை விற்று நிதி திரட்டும் கடையொன்றையும் நிறுவினார்கள். ஒரு கையிற் கடை, மறு கையில் மனு. இவ்விரண்டும் சேர்ந்ததே அந்த ஸ்தாபனம்.

தடை என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தவர்க்கு எவரும் உரை எழுத வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் பின் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் உரமும் மின்கலமும் தடைப்பட்ட காலத்திற் போத்தல் விளக்கின் ஒளியிலே பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நாம். 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையிற் பாதை மூடப்பட்டபோது, ஒரு கிலோ சீனிக்குக் கப்பலின் வரவை எதிர்பார்த்து நின்றவர்களும் நாமே. ஆகவே, இத்தகைய ஸ்தாபனங்கள் எந்த வேதனையிலிருந்து பிறந்தனவோ அவ்வேதனை எமக்கு அந்நியமானதன்று. அவ்வேதனையை அறிந்தவர் ஏன் வாங்கும் வரிசையில் மாத்திரம் நிற்க வேண்டும்?

எமக்குக் கூட்டுமுயற்சி புதிதுமன்று. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1911ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தது. வந்த சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்ட நிலங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. 1936ஆம் ஆண்டில் மூளாய் மக்கள் கூட்டுறவு முறையில் வைத்தியசாலை கண்டார்கள். அரசாங்கம் தரட்டும் என்று காத்திருந்தவர்களின் வேலையன்று அது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வடமராட்சி கிழக்கை அழித்தபோதும், வெளிநாட்டு வாகனம் எதுவும் வருமுன் அங்கே ஓடிச்சென்று பிணம் எடுத்தவரும் சோறு சமைத்தவரும் அயலூர் மக்களே.

உள்ளூர் உழைப்பும் வெளிநாட்டு உதவியும் ஒன்று சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்குக் காந்தியம் இயக்கத்தைக் காட்டிலும் சிறந்த சான்று எமக்கில்லை. கரம்பனிற் பிறந்த கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட் அவர்களும் வைத்தியர் இராசசுந்தரம் அவர்களும் வவுனியாவைத் தளமாகக் கொண்டு அவ்வியக்கத்தை நடத்தினர். 1977ஆம் ஆண்டின் இனக்கலவரத்தில் வீடும் வேலையும் இழந்து மலையகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை நிலத்தில் அமர்த்தினர். பண்ணைகள் எழுந்தன, சிறுவர் பாடசாலைகள் எழுந்தன, நடமாடும் வைத்திய சேவை ஊர் ஊராகச் சென்றது. ஒக்ஸ்பாம், நோவிப் முதலிய வெளிநாட்டு ஸ்தாபனங்கள் அதற்கு உதவின. ஆளும் அறிவும் வியர்வையும் இம்மண்ணினுடையவை. வெளிநாட்டுப் பணம் அவற்றுக்குத் துணையாக வந்தது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? 1983ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் இருவரும் கைதுசெய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையிலே வைத்தியர் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் அவர்கள் உயிர் தப்பிப் பல்லாண்டுகள் கடல் கடந்து வாழ்ந்து, 2015ஆம் ஆண்டிற் கிளிநொச்சியிற் காலமானார். ஏழைக் கமக்காரனுக்கு ஒரு துண்டு நிலமும் ஒரு மருந்துப் போத்தலும் கொடுக்கப் புறப்பட்ட இரண்டு உத்தியோகத்தரின் வரலாறு இது.

சர்வதேச ஸ்தாபனம் என்றதும் வெள்ளை வாகனமும் வெள்ளையர் முகமுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் திகதி மூதூரிலே பட்டினிக்கெதிரான பிரெஞ்சு ஸ்தாபனமொன்றின் பணியாளர் 17 பேர் தம் அலுவலக வளவினுள்ளே சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். பதினேழு பேரும் இந்நாட்டவர். அக்கொலைக்காக எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. ஆகவே இத்துறையை உல்லாச உத்தியோகம் என்று பரிகசிப்போர், பேசுமுன் அப்பதினேழு பேரையும் ஒரு கணம் நினைந்துகொள்வாராக!

இனி, மறுபக்கத்தையும் மறைக்காது கூறுவோம். வந்தவர்கள் போவார்கள். 2008ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அரசாங்கத்தின் உத்தரவினால் ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளரும் பெரும்பாலான சர்வதேச ஸ்தாபனங்களும் வன்னியை விட்டு வெளியேறினர். போகவேண்டாமென்று மக்கள் கிளிநொச்சியில் அலுவலக வாசலில் நின்று மன்றாடினர். 1950ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த கெயர் ஸ்தாபனம் 2016ஆம் ஆண்டில் தன் பணியை உள்நாட்டு ஸ்தாபனமொன்றிடம் ஒப்புவித்தது. 2025ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் தன் வெளிநாட்டுதவி நிறுவனத்தையே கலைத்தது. விரட்டப்பட்டோ, கடமை முடிந்தோ, காசு முடிந்தோ, எப்படியாயினும் ஒருநாள் வாகனம் திரும்பிப் போகும். அன்று எஞ்சி நிற்பது யாது? அறிவிப்புப் பலகையா, உயிருள்ள சங்கமா? இதுவே நாம் இன்று தீர்மானிக்க வேண்டிய காரியம்.

சட்டத் தொழிலில் நாள்தோறும் நாம் வாசிக்கும் தோட்டக் காணி உறுதிகளில் ஒரு வாசகம் தவறாது வரும். காணியின் எல்லைகளைச் சொல்லி முடித்த பின், கிணற்றில் இத்தனை பங்கும் வழிவாய்க்காற் பாத்தியதையும் என்று அது வரும். பங்குக் கிணற்றின் நியதியைக் கமக்காரருக்கு நாம் போதிக்கத் தேவையில்லை. முறை வந்த நாளில் இறைக்கும் உரிமை உண்டு. கிணறு இறைத்துச் சேறு வாரும் நாளில் ஆளோ காசோ கொடுக்கும் கடமையும் உண்டு. உரிமையையும் கடமையையும் ஒரே வரியில் எழுதிவைத்த சமுதாயம் எமது சமுதாயம். தரும ஸ்தாபனங்களோடு சேரும் முறையும் இதுவே என்கின்றோம். அதற்கு நான்கு காரியங்கள் வேண்டும்.

முதலாவது, எமது பங்கை நாம் முதலில் வைத்தல். சிறு தொகையாயினும் மாதந்தோறும் சங்கத்தின் கணக்கில் இடுவோம். காசில்லாதவர் உழைப்பை இடலாம். உத்தியோகத்தர் தம் தொழிலறிவை இடலாம். வைத்தியருக்கு ஒரு சனிக்கிழமை, எந்திரவியலாளருக்கு ஒரு வரைபடம், கணக்காளருக்கு ஒரு கணக்காய்வு, சட்டத்தரணிக்கு ஓர் உடன்படிக்கையின் பரிசீலனை. கமக்காரர் தம் நிலத்தின் குணத்தையும் நீரின் அளவையும் சொல்வாராயின், அது எந்த நிபுணரின் அறிக்கைக்கும் குறைந்த பங்கன்று.

இரண்டாவது, வறியவர் யார் என்று நேர்மையாகக் காணுதல். கிணற்றை உவமை சொல்லும் வாய், ஒரு வெட்கத்தையும் சொல்லியாக வேண்டும். சாதியின் பேரால் கிணற்றுக் கட்டை அணுகவிடாது தடுக்கப்பட்டோர் எமது ஊர்களிலேயே இருந்தனர். அதைக் குற்றமாக்க 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வேண்டியிருந்தது. அந்தக் கிணற்றுக் கட்டு இன்று பயனாளிப் பட்டியலாக உருமாறி நிற்கலாகாது. யுத்தத்தின் பின் வீட்டுத் திட்டங்கள் வந்தபோது, காணி உரித்தைக் காட்ட இயலாத குடும்பங்கள் பல பின்தள்ளப்பட்டதைக் கண்டோம். நிலமில்லாதவருக்கு வீடுமில்லை என்றால் அவ்வுதவி யாருக்கு? கூலிக்கு வெங்காயம் கிண்டுபவர், கணவனை இழந்து குடும்பம் தாங்குபவர், முகாமிலிருந்து திரும்பியும் சொந்தக் காணிக்குப் போக முடியாதவர் ஆகியோரின் பெயர் பட்டியலின் தலைப்பில் இருக்க வேண்டும். இலங்கையில் வறியோர் தொகை 2021ஆம் ஆண்டில் நூற்றுக்கு 13 ஆக இருந்து 2022ஆம் ஆண்டில் 25 ஆயிற்று என்று உலக வங்கி மதிப்பிட்டது. அத்தகைய வீழ்ச்சியில் முதலில் விழுபவர் சங்கக் கூட்டத்திற்கு அழைக்கப்படாதவரே.

மூன்றாவது, கணக்கு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது எமது முதுமொழி. பெயர் பெரிது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். ஹெயிற்றி நாட்டில் பூகம்ப நிவாரணப் பணியிலிருந்த ஒக்ஸ்பாம் அலுவலர் சிலரின் ஒழுக்கக்கேடு 2018ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மறு ஆண்டு பிரித்தானிய அறநிலைய ஆணைக்குழு அந்த ஸ்தாபனத்துக்கு எச்சரிக்கை விடுத்தது. எவரும் கேள்விக்கு மேலானவரல்லர் என்பதே இதன் பாடம். வெளியாரிடம் கணக்குக் கேட்பதற்கு முன் எமது சங்கத்தின் கணக்கைச் சங்கச் சுவரில் எழுதி ஒட்டுவோம். வந்த தொகை, சென்ற தொகை, வாகனத்துக்கு எவ்வளவு, ஏழைக்கு எவ்வளவு என்பதைப் படிப்பறிவு குறைந்தவரும் கேட்டறியக் கூட்டத்தில் உரத்து வாசிப்போம்.

நான்காவது, குரல். தொண்டர் ஸ்தாபனங்களைப் பதிவுசெய்து மேற்பார்வை செய்ய 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் உண்டு. கூட்டுறவுச் சங்கங்களுக்கு 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உண்டு. சட்டத்தின் வரம்பை அறிந்து, முறையாகப் பதிந்து, கோவைகளைச் செப்பமாக வைத்திருப்போர் எவர்க்கும் அஞ்சவேண்டியதில்லை என்று சொல்ல ஆசைதான். காந்தியத்தின் வரலாறு அவ்வளவு எளிதாகச் சொல்ல விடவில்லை. ஆயினும், பதிவும் கணக்கும் ஒழுங்காயுள்ள சங்கத்தைக் கலைப்பது, ஒழுங்கற்ற சங்கத்தைக் கலைப்பதிலும் கடினம் என்பதைச் சட்டத் தொழிலில் இத்தனை காலம் நின்றவர் என்ற முறையில் உறுதியாகக் கூறுவோம்.

அரசியல் நண்பர் சிலர் எம்மிடம் வினவுவதுண்டு: "உரிமை கேட்கும் மக்களுக்குத் தருமம் கொடுத்தால் உரிமைக் குரல் மழுங்கிவிடாதா?" நியாயமான வினா. பையில் அரிசி கொடுத்து வாயை அடைக்கும் தருமம் உண்டு; அதை நாமும் வேண்டோம். ஆனால் அரசியல் தீர்வு வரும்வரை பிள்ளையின் பசியை ஒத்திவைக்க எந்தத் தாய்க்கும் இயலாது. 1942ஆம் ஆண்டில் அந்த ஒக்ஸ்போட் நகரத்தார் உணவும் அனுப்ப முயன்றார்கள். தடையை நீக்கவும் வாதாடினார்கள். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவில்லை. பறிக்கப்பட்ட நிலத்தைத் திரும்பக் கேட்பதும், திரும்பிய நிலத்தில் விதைக்க வெங்காயம் கொடுப்பதும் ஒரே பணியின் இரு பகுதிகள்.

இறுதியாக ஒன்று. பங்காளி என்றால் தன் ஊர்க் கிணற்றை மாத்திரம் பார்ப்பவன் அல்லன். மலையகத்து லயத்தில் ஒற்றை அறையில் வாழும் குடும்பத்துக்கும், கடல் கடந்து பஞ்சத்தில் வாடும் பிற நாட்டுக் குழந்தைக்கும் எமது கையும் நீள வேண்டும். உலகம் எமக்குக் கொடுத்த காலம் உண்டு. நாம் உலகுக்குக் கொடுக்கும் காலமும் வரட்டும்.

ஆகவே பெரியோர்களே, கைதட்டிக் கலைந்து போகாதீர்கள். ஊருக்குச் சென்றதும் உங்கள் சங்கத்தின் கூட்டத்தைக் கூட்டுங்கள். இதுவரை அழைக்கப்படாதவரை முதலில் அழையுங்கள். மாதப் பங்கைத் தீர்மானியுங்கள். கணக்கைப் பார்க்க ஓர் உத்தியோகத்தரையும் ஒரு கமக்காரரையும் ஒரு தாயையும் தெரிந்தெடுங்கள். அதன் பின், எந்தப் பெரிய ஸ்தாபனம் வாசலுக்கு வந்தாலும், "வாருங்கள், அமருங்கள், எமது பங்கு இது, உங்கள் பங்கு எது?" என்று சரியாசனத்தில் இருத்திக் கேளுங்கள்.